கேபிள் ஒயர் அறுந்த தோட்டத்து வீடு: டிஷ்ஷா, ஸ்டிக்கா, பழைய ஆன்டெனாவா?

மாந்தோப்பு (காவேரிப்பட்டணம் பக்கம்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு யோசனை கேட்டு வந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு ஊருக்கு வெளியே, மாந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. ஊரின் கடைசிக் கம்பம் வரைக்கும் கேபிள் வரும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு மரத்துக்கு மரம் கட்டி ஒயர் இழுத்திருந்தார்கள். சித்திரையில் அடித்த காற்றில் ஒரு பெரிய கிளை முறிந்து ஒயரோடு கீழே வந்துவிட்டது. ஒன்றரை மாதமாக டிவி இல்லை. ஒரே ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் புது ஒயர் இழுத்தால் கட்டுப்படியாகாது என்று கேபிள்காரர் சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கணக்குப் போட்டால் அவர் சொல்வது சரிதான்.

கஷ்டம் அம்மாவுக்கு. 74 வயது, முழங்கால் வலி, வாசலைத் தாண்டிப் போக முடியாது. சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவருக்கு இருந்த துணை அந்த டிவிதான். இப்போது ஏழு மணிக்கே படுத்துவிடுகிறார். தூக்கமும் வருவதில்லை. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

வீட்டில் இருப்பது 32 இன்ச் எல்இடி, ஸ்மார்ட் டிவி கிடையாது. பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை இரண்டு இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் 4ஜி இரண்டு கோடு காட்டும், உள்ளே வந்தால் அதுவும் இல்லை. அம்மாவுக்குச் சீரியலும் செய்தியும் வேண்டும், எனக்குக் கிரிக்கெட், எட்டாவது படிக்கும் மகளுக்குப் பாடம். ஒருமுறை ஐந்தாறாயிரம் வரை செலவு செய்யலாம். மாதச் செலவு கேபிளுக்குக் கொடுத்த 250க்குப் பக்கத்திலேயே நின்றால் நல்லது. என்ன செய்யலாம்?

ஓசூர்ஷிப்ட் எழுதியது:

ஸ்டிக் (சாதா டிவியிலும் நெட் வழியாக ஆப்களை ஓட்டும் விரல் அளவுக் கருவி) வாங்கி எச்டிஎம்ஐயில் சொருகி, வீட்டுக்கு நெட் போட்டுவிடுங்கள். நான் இரண்டு வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். தந்தி, புதிய தலைமுறை, பாலிமர் எல்லாம் யூடியூபில் நேரலையாகவே வருகிறது, காசு இல்லை. சீரியலுக்கு அந்தந்த சானலின் ஆப் இருக்கிறது. சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார், ஜீ5 மூன்றும் இருந்தால் உங்கள் அம்மா பார்ப்பது ஏறக்குறைய எல்லாம் அதில் அடங்கிவிடும். ஸ்டிக்கின் பவர் ஒயரை மட்டும் டிவியின் யூஎஸ்பியில் சொருகாதீர்கள். பழைய டிவிகளின் யூஎஸ்பி அரை ஆம்பியர்தான் கொடுக்கும், ஸ்டிக் அடிக்கடி அணைந்து எரியும். கூட வரும் அடாப்டரையே பயன்படுத்துங்கள்.

பாலக்கோடு டிஷ் மெக்கானிக் எழுதியது:

ஓசூர் தம்பி சொல்வது ஓசூருக்குச் சரி. திண்ணையில் இரண்டு கோடு வரும் தோட்டத்துக்கு அதை அப்படியே சொல்லக்கூடாது. நான் இருபது வருடமாக இந்தப் பக்கம் டிஷ் மாட்டுகிறேன். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம், கீழே காவேரிப்பட்டணம் வரைக்கும் ஏறாத மாடி குறைவு. அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் நெட் கணக்கு. எச்டி தரத்தில் படம் ஓடினால் மணிக்கு 3 ஜிபி வரை தின்னும். தரத்தைக் குறைத்தால் ஒரு ஜிபிக்குள் அடங்கும். உங்கள் அம்மா ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் எச்டியில் பார்த்தால் 15 ஜிபி, மாதம் 450 ஜிபி. ஃபைபர் இருந்தால் கவலையே இல்லை, பல திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி வரை வேகம் குறையாது. ஆனால் போன் சிம்மில் நாளுக்கு 2 ஜிபி என்றால் முக்கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆறரைக்குத் தொடங்கினால் ஏழேகாலுக்கு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். வயதானவர்களுக்கு அந்த வட்டம் சுற்றுவதைப் போல எரிச்சல் வேறு இல்லை.

அதனால் முதலில் ஆகாயத்தைப் பாருங்கள், அப்புறம் நெட்டைப் பார்க்கலாம். டிடி ஃப்ரீ டிஷ் போடுங்கள். தூர்தர்ஷனுடைய இலவச டிடிஎச், அதாவது செயற்கைக்கோளிலிருந்து நேராக நம் வீட்டு டிஷ்ஷுக்கு வரும் ஒளிபரப்பு. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சானலோடு தொடங்கினார்கள். மாதக் கட்டணம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நின்று சிக்னலை வாங்கும் சின்னக் கருவி), பெட்டி, ஒயர் எல்லாம் சேர்த்து ஒருமுறை செலவு, அதோடு முடிந்தது. பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் எல்லா சானலும் வராது.

இப்போது உண்மையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது. ஃப்ரீ டிஷ்ஷில் தமிழ் குறைவு. தனியார் சானல்கள் அதில் இடம் பிடிக்க ஏலத்தில் எடுக்க வேண்டும். எடுப்பவர்களில் பெரும்பாலோர் இந்திச் சானல்காரர்கள். தமிழுக்கு என்று உறுதியாக இருப்பது டிடி தமிழ், முன்பு பொதிகை என்று இருந்தது, 2024 ஜனவரியில் பெயர் மாறியது. உங்கள் அம்மா பார்க்கும் சீரியல் இதில் வராது.

ஆனால் உங்கள் கிரிக்கெட் வரும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 போட்டிகள், உலகக் கோப்பை அரையிறுதி, இறுதி போன்றவற்றின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனுக்கும் கொடுக்க வேண்டும் என்று 2007ல் சட்டம் வந்தது. அப்படிக் கிடைப்பதைத் தூர்தர்ஷன் தன் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும்தான் காட்டலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸ் வைத்தால் மேட்ச் நேரத்தில் வேறு ஏதோ ஓடுவது அதனால்தான். ஐபிஎல் இந்தக் கணக்கில் சேராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாந்தோப்பு எழுதியது:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஒரு சந்தேகம். வீட்டைச் சுற்றி மாமரம்தான், சில மரங்கள் வீட்டைவிட உயரம். அவற்றுக்கு நடுவில் டிஷ் எடுக்குமா? சிக்னலுக்காக மரத்தை வெட்டு என்றால் அப்பா நட்ட மரங்களை வெட்ட எனக்கு மனம் வராது.

பாலக்கோடு டிஷ் மெக்கானிக் எழுதியது:

ஒரு மரத்தையும் வெட்ட வேண்டாம் தம்பி. நம்ம ஊருக்கு இதில் ஒரு நல்லது இருக்கிறது. ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளில் இருந்து. அது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 93.5 டிகிரி கிழக்கில், சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கிருஷ்ணகிரியில் நின்று பார்த்தால் அது தென்கிழக்கில், திசைகாட்டியில் ஏறக்குறைய 128 டிகிரியில் இருக்கும். தரையிலிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணம் சுமார் 67 டிகிரி. டில்லிப் பக்கம் இதைவிடத் தாழ்வாகத் தெரியும். நமக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலே.

அதனால் மரம் மறைப்பது குறைவு. டிஷ்ஷிலிருந்து தென்கிழக்கே 10 அடி தள்ளி ஒரு மரம் நின்றால், டிஷ் மட்டத்துக்கு மேல் 23 அடி உயர்ந்தால்தான் மறைக்கும். 20 அடி தள்ளி நின்றால் 47 அடி வரை விடலாம். தோப்பு மாமரம் அவ்வளவு உயரம் போவது அரிது. மொட்டை மாடியில் வைத்தால் இன்னும் நிம்மதி.

ஆனால் ஒரு கிளைகூடக் குறுக்கே வரக்கூடாது. இந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம்தான், இலை நனைந்தால் அப்படியே குடித்துவிடும். வெயில் காலத்தில் நன்றாக எடுத்து, முதல் மழைக்குப் போய்விட்டது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் புதுத் துளிர் டிஷ் முகத்துக்கு நேரே வந்திருக்கும். கவாத்து பண்ணும்போது அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். அடைமழையில் ஐந்து, பத்து நிமிடம் படம் நிற்பது வேறு விஷயம். அது எந்த டிடிஎச்சிலும் வரும், மழை விட்டதும் சரியாகிவிடும்.

நீங்களே மாட்டுவதாக இருந்தால் இன்னொன்று. டிஷ்ஷைப் பார்த்தால் 67 டிகிரி அண்ணாந்து பார்ப்பது போலத் தெரியாது. இந்தச் சின்ன டிஷ்களின் வடிவம் அப்படி, முகம் சுமார் 25 டிகிரி தாழ்ந்தாற்போல் இருக்கும். கண்ணை நம்பாமல் பெட்டியின் சிக்னல் பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஒருவர் கீழே இருந்து போனில் சொல்ல, ஒருவர் மாடியில் விரல் அளவு விரல் அளவாக நகர்த்த வேண்டும். 'ஸ்ட்ரெங்த்' எவ்வளவு காட்டினாலும் 'குவாலிட்டி' கோடு ஏறாவிட்டால் படம் வராது. பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்துக்கொண்டு அரை நாள் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் எல்என்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிப் பாருங்கள், குவாலிட்டி இன்னும் ஏறும்.

ஓசூர்ஷிப்ட் எழுதியது:

மெக்கானிக் அண்ணன் மாடி, மாடி என்றதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் 30 அடி ஜிஐ பைப்பில் அலுமினியக் குழாய் ஆன்டெனா கட்டியிருந்தார். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அங்கிருந்து வரும் தூர்தர்ஷன் நன்றாகத் தெரியும். கன்னடம்தான் அதிகம் வரும், அம்மா அதைப் பார்த்தே கன்னடம் பேசக் கற்றுக்கொண்டார். காற்றில் ஆன்டெனா திரும்பிவிட்டால் அப்பா பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் சன்னலில் நின்று சொல்ல வேண்டும். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அந்தப் பைப்பை நான் இன்னும் கழற்றவில்லை.

மாந்தோப்பு அண்ணா தலைப்பில் ஆன்டெனா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பழைய ஒளிபரப்பை இப்போது நம்ப முடியாது. தூர்தர்ஷன் பழைய தரைவழி டிரான்ஸ்மிட்டர்களைப் படிப்படியாக நிறுத்தி, 2022 வாக்கில் ஏறக்குறைய எல்லாவற்றையும் மூடிவிட்டது. 2016ல் சென்னை, பெங்களூர் உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறையில் தரைவழி ஒளிபரப்பு தொடங்கினார்கள். அதை எடுக்க அதற்கான டியூனர் டிவியிலோ தனிப் பெட்டியிலோ வேண்டும். காவேரிப்பட்டணம் பெங்களூரிலிருந்து 90 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் மலையும் மேடும். அதற்காகச் செலவு செய்ய வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

சித்தேரிமலை எழுதியது:

நான் அதிகம் எழுதமாட்டேன். எங்கள் மலையில் ஒரு பாறை மேல் ஏறினால்தான் போன் எடுக்கும். கேபிள் என்றைக்கும் வந்ததில்லை. ஃப்ரீ டிஷ் மட்டும்தான் எங்களுக்கு டிவி. மழைக்காலத்தில் கரண்ட் போனால் இரண்டு நாள் ஆகும். அந்தப் பெட்டிகளில் பல 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. எங்கள் வீட்டில் 12 வோல்ட்டில் ஓடும் சின்ன எல்இடி டிவியும் பெட்டியும் சோலார் பேட்டரியில் நேராக ஓடுகின்றன. வாங்கும்போது அடாப்டரில் என்ன வோல்ட் எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். புயல் வரும்போது செய்தி கிடைப்பது எங்களுக்கு இந்த ஒரு வழியில்தான்.

கேபிள்வீட்டுப்பெண் (பர்கூர்) எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். என் அப்பா கேபிள் நடத்துகிறார், அதனால் ஒரு வார்த்தை.

நான் பிறப்பதற்கு முன்பே அவர் ஒரு பெரிய டிஷ்ஷும் ஒரு விசிஆரும் வைத்துத் தொடங்கியவர். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது, அதில் சேர்ந்தார். 2017ல் டிஜிட்டல் பெட்டி வந்தது, வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுத்தார். 2019ல் புதுக் கட்டண முறை வந்தபோது 100 சானலுக்கு 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 பைசா, அதற்கு மேல் கட்டணச் சானலுக்குத் தனியாக என்று ஆனது. ஏன் பில் ஏறியது என்று கேட்டு ஒவ்வொரு வாசலிலும் அவர்தான் பேச்சு வாங்கினார். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அவர் கைக்கு வருவதே இல்லை.

இடி இடித்தால் ஆம்ப்ளிஃபையர் போகும். லாரி போனால் ஒயர் அறும். ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தாலும் ஏணியை எடுத்துக்கொண்டு போவார். படம் தெரியவில்லை என்று கூப்பிட ஆப்பில் ஆள் இல்லை, இவரைக் கூப்பிடலாம். மாந்தோப்பு அண்ணா கேபிள்காரர் மேல் கோபம் இல்லை என்று எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஊருக்குள் கேபிள் நன்றாக வரும் வீடுகள் அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாலக்கோடு டிஷ் மெக்கானிக் எழுதியது:

பாப்பா, நீ சொன்னது அத்தனையும் உண்மை. நானும் உன் அப்பாவைப் போல ஏணி தூக்கினவன்தான். ஒயர் போகும் இடத்தில் கேபிள் போல வசதி வேறு இல்லை, ஒரே ரிமோட், எல்லா சீரியலும் வந்துவிடும். ஒயர் போகாத இடத்துக்குத்தான் இந்தப் பேச்செல்லாம்.

நாலுரோடு (தர்மபுரி) எழுதியது:

ஒரு எச்சரிக்கை சொல்ல வந்தேன். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு பெட்டி, எல்லாச் சானலும் வாழ்நாள் முழுக்க இலவசம் என்று ஆன்லைனில் பார்த்து வாங்கினேன். பெட்டியில் பெயர்கூட ஒழுங்காக இல்லை. நான்கு மாதம் சானல் ஓடியது, பிறகு ஒன்றும் இல்லை. சரி, காசு கட்டிய ஆப்பையாவது அதில் பார்க்கலாம் என்றால் படம் மங்கல். டிவியோ ஃபுல் எச்டி.

பிறகுதான் காரணம் தெரிந்தது. நெட் வழியாகப் படம், சீரியல் காட்டும் ஓடிடி ஆப்கள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன, அந்தப் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர். அதில் எல்1 சான்று உள்ள கருவிக்குத்தான் எச்டி வரும். எல்3 மட்டும் இருந்தால் 480 அளவோடு பல ஆப்கள் நிறுத்திவிடும். பெயர் இல்லாத பெட்டிகளில் பெரும்பாலும் எல்3தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று. இப்படிப்பட்ட மலிவுப் பெட்டிகளில் தொழிற்சாலையிலேயே கெட்ட மென்பொருள் ஏற்றி வருவதை 2023ல் கண்டுபிடித்தார்கள், அதற்கு பேட்பாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதுபற்றி மக்களுக்கு எச்சரிக்கையே விட்டது. அந்தப் பெட்டி நம் வீட்டு வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, நமக்குத் தெரியாமல் யாரோ நம் நெட் வழியாக வேலை பார்க்க வழி செய்யும். அதே வைஃபையில்தான் நம் பேங்க் ஆப்பும் ஓடுகிறது. நான் அன்றைக்கே கழற்றிப் போட்டுவிட்டேன். ஆயிரம் ரூபாய் கூடப் போனாலும் கூகுள் சான்று உள்ள, தெரிந்த கம்பெனிப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். எல்லாம் இலவசம் என்றால் வாங்கவே வாங்காதீர்கள். அது திருட்டு ஒளிபரப்பு, என்றைக்கும் நிலைக்காது.

ஊத்தங்கரை ஆசிரியை எழுதியது:

மகளின் படிப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதற்காக எழுதுகிறேன்.

நம் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. அடுத்த வருடமே கொரோனாவில் பள்ளிகள் மூடின. சிங்காரப்பேட்டைப் பக்கம் என் மாணவர்களில் பாதிப் பேர் வீட்டில் நல்ல போன் இல்லை. டிவி இருக்கும் வீட்டுத் திண்ணையில் ஆறேழு பிள்ளைகள் நோட்டோடு உட்கார்ந்து பாடம் பார்த்ததை நான் நேரில் பார்த்தேன். அன்றிலிருந்து டிவியைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைக்க என்னால் முடியவில்லை.

ஃப்ரீ டிஷ்ஷில் கல்விச் சானல்கள் நிறைய உண்டு. பிஎம் இ-வித்யா என்று 2020ல் வகுப்புக்கு ஒரு சானலாகத் தொடங்கியதும் அதில் வருகிறது. மொழி நம் பிள்ளைகளுக்கு எல்லா நேரமும் ஒத்துவராது, அது என் வருத்தம். கணக்கு, அறிவியல் படங்களைப் பார்க்கலாம். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. பள்ளியில் வைஃபை இருந்தால் அங்கே போனில் இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பார்க்கச் சொல்லுங்கள் சார்.

மாந்தோப்பு எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். டிஷ் மாட்டியாகிவிட்டது. கிருஷ்ணகிரியில் வாங்கி நானும் மகளும் சேர்ந்தே மாட்டினோம். மொட்டை மாடியில் தென்கிழக்கு மூலை, எந்த மரமும் மறைக்கவில்லை. அண்ணன் சொன்ன மாதிரி 'ஸ்ட்ரெங்த்' மட்டும் காட்டி ஒரு மணி நேரம் வேலை வாங்கியது. எல்என்பியைச் சுழற்றியதும் 'குவாலிட்டி' ஏறிப் படம் வந்தது. மகள் கீழேயிருந்து கத்திய கத்தலில் பக்கத்துத் தோட்டத்தில் காவலுக்கு இருப்பவரே ஓடி வந்துவிட்டார்.

அம்மா டிடி தமிழில் செய்தி பார்த்தார், காலையில் பக்திப் பாட்டு கேட்டார். ஆனால் சாயங்காலம் ஆனதும், அந்தப் பெண் கல்யாணம் என்ன ஆச்சோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சீரியலைத்தான் சொல்கிறார். ஒன்றரை மாதக் கதை விட்டுப்போன வருத்தம் அவருக்கு அப்படியே இருக்கிறது. அதற்கு மட்டும் ஒரு வழி வேண்டும். ஏர்ஃபைபர் (ஒயர் இல்லாமல் டவரிலிருந்து வரும் வீட்டு நெட்) கேட்டுப் பார்த்தேன், எங்கள் பக்கத்து டவரில் 5ஜி இன்னும் இல்லையாம். ஃபைபரும் கேபிள் மாதிரியே கடைசிக் கம்பத்தோடு நிற்கிறது.

ஓசூர்ஷிப்ட் எழுதியது:

அண்ணா, திண்ணையில் இரண்டு கோடு வருகிறது என்றால் மாடியில் அதைவிட நன்றாக வர வேண்டும். சிம் போடும் 4ஜி ரவுட்டர் இருக்கிறது. அதிலும் பின்னால் ஆன்டெனா கழற்றி மாட்டும் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். வெளியில் பைப்பில் கட்டும் ஆன்டெனாவை அதோடு இணைத்து டவர் பக்கம் திருப்பி வைத்தால் கோடு கூடும். பார்க்க அந்தக் காலத்து மீன்முள் ஆன்டெனா மாதிரியே ஒரு வகை உண்டு. ரவுட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவில் ஒயர் நீளக்கூடாது, நீண்டால் கிடைத்த சிக்னல் ஒயரிலேயே போய்விடும். ரவுட்டரை மாடிப்படி அறையிலேயே வைத்துவிடுங்கள்.

டேட்டா கணக்கை நான் சரியாகச் சொல்லாமல் விட்டது என் தவறுதான். இப்போது பாருங்கள். நேரலையாகப் பார்க்காமல் ஆப்பில் ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தால் விளம்பரம் போக அரை மணி சீரியல் இருபது சொச்சம் நிமிடம்தான். மூன்று சீரியல் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. 32 இன்ச் டிவிக்கு 480 தரம் போதும். நாளுக்கு 2 ஜிபி சிம்மிலேயே அடங்கும். விட்டுப்போன கதையும் அதில் வரிசையாக இருக்கும்.

பாலக்கோடு டிஷ் மெக்கானிக் எழுதியது:

நல்ல யோசனை தம்பி. எந்த கம்பெனி சிம் என்று முடிவு செய்யும் முன், இரண்டு மூன்று பேர் போனை வாங்கிக்கொண்டு மாடியில் ஏறி, சாயங்காலம் ஏழு மணிக்கு வேகம் பாருங்கள். பகலில் பார்த்தால் எல்லாமே வேகமாகத்தான் இருக்கும். ஊரே போனில் இருக்கும் நேரம் அந்த ஏழு மணிதான்.

கேபிள்வீட்டுப்பெண் எழுதியது:

அம்மாவுக்கு ரிமோட் குழப்பம் வரும் அண்ணா. இப்போது உங்கள் வீட்டில் டிவி, டிஷ் பெட்டி, ஸ்டிக் என்று மூன்று ரிமோட் இருக்கும். டிவி செட்டிங்கில் எச்டிஎம்ஐ சிஇசி இருந்தால் போட்டுவிடுங்கள். ஸ்டிக் ரிமோட்டை அழுத்தினாலே டிவி தானாக அந்தப் பக்கம் மாறிவிடும், 'சோர்ஸ்' தேட வேண்டாம். அப்பா வயதானவர்கள் வீட்டில் ரிமோட்டில் நூல் கட்டிக் கொடுப்பார். சிவப்பு நூல் செய்தி, மஞ்சள் நூல் சீரியல் என்று சொல்லிவிட்டால் எழுத்தைப் படிக்கத் தேவையே இல்லை.

மாந்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ரவுட்டரும் ஆன்டெனாவும் போட்டாகிவிட்டது. மாடியில் ஏழு மணிக்குப் பார்த்தபோது எங்கள் வீட்டு சிம்மைவிடப் பக்கத்துத் தோட்டக்காரர் சிம் நான்கு மடங்கு வேகம். அதையே வாங்கினேன். தெரிந்த கம்பெனி ஸ்டிக்தான் வாங்கினேன், எல்லாம் சேர்த்து ஆறாயிரத்தைக் கொஞ்சம் தாண்டிவிட்டது. மாதத்துக்கு சிம் செலவும் ஒரு ஆப்புக்கான சந்தாவும். கேபிளுக்குக் கொடுத்ததைவிட அதிகம்தான், மறைக்க விரும்பவில்லை. சந்தா ஒன்று போதும் என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

முதல் நாள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பகுதியாகப் போட்டுக் காட்டினாள். மூன்று நாளில் அம்மா மஞ்சள் நூல் ரிமோட்டைத் தானே எடுத்துப் பழகிவிட்டார். நடுவில் நிறுத்தி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் வரலாம் என்று தெரிந்ததும், இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே என்றார். நேற்று ஒன்பது மணி வரை விழித்திருந்தார். கல்யாணம் இன்னும் நடக்கவில்லையாம்.

கேபிள்வீட்டுப் பாப்பா, உன் அப்பாவை விசாரித்ததாகச் சொல். நூல் யோசனை அவருடையது என்று அம்மாவிடம் சொன்னேன், நல்லா இருக்கட்டும் என்றார்.

சித்தேரிமலை எழுதியது:

அந்த 4ஜி ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டினீர்கள் அண்ணா? பாறை மேல் எடுக்கும் சிக்னலை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறோம்.

மாந்தோப்பு எழுதியது:

மாடிக்கு மேல் 12 அடி பைப். மரங்களின் தலைக்கு மேல் போனதும்தான் கோடு கூடியது. உங்களுக்குப் பாறை வீட்டுக்கு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து இருக்கும். முதலில் ஒரு மூங்கிலில் போனைக் கட்டி உயர்த்திப் பாருங்கள், நாங்கள் அப்படித்தான் இடம் பிடித்தோம்.

பாலக்கோடு டிஷ் மெக்கானிக் எழுதியது:

தம்பி, 12 அடி இரும்புப் பைப்பை மொட்டை மாடியில் நட்டுவிட்டு எர்த் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே. தோட்டத்து நடுவில் தனி வீடு. மரத்துக்கும் மேலே நிற்பது இப்போது அந்தப் பைப்தான். பைப்பின் அடியிலிருந்து தடித்த செம்புக் கம்பி எடுத்து, சுவர் ஓரமாக வளைவில்லாமல் நேராக இறக்கி, ஈரம் நிற்கும் இடத்தில் எர்த் குழியில் சேருங்கள். வீட்டு எர்த்தோடும் அதை இணைக்க வேண்டும். ஒயரிங் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். அது முடியும் வரை இடி தொடங்கும் முன்பே டிஷ் ஒயர், ரவுட்டர் ஒயர், பவர் மூன்றையும் கழற்றிவிடுங்கள், அம்மாவை டிவி பக்கத்தில் உட்கார விடாதீர்கள்.

மாந்தோப்பு எழுதியது:

சரி அண்ணா. கிணற்றடியில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீசியன் வருகிறார், அதற்குள் குழி தோண்டி வைத்துவிடுகிறேன்.